இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவான பிறகு: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாவது பிரசவம் சிசேரியன் என்று தேதி குறித்த உடனேயே ஒரு கேள்வியும் வந்து சேரும்: “அப்படியே குடும்பக் கட்டுப்பாட்டையும் சேர்த்துச் செய்துவிடலாமா?” தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஒலிக்காத பிரசவ வார்டு இருக்காது. கேட்பவர் செவிலியராக இருப்பார். பதில் சொல்பவர் பல சமயம் வராந்தாவில் பிளாஸ்க்கும் கையுமாக நிற்கும் மாமியாராகவோ அம்மாவாகவோ இருப்பார். உள்ளே வலியோடு படுத்திருப்பவர் தலையாட்டுவார். படிவம் நீட்டப்படும், விரல் காட்டிய இடத்தில் கையெழுத்து விழும். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அப்படி நடந்த ஆபரேஷன்கள் எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான பெண்கள் அதற்காகப் பின்னால் வருந்துவதும் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கச் செல்லுபடியாகும் ஒரு முடிவுக்கு ஐந்து நிமிடம் போதாது. ஏழாம் மாதத்திலேயே பேசி முடிவு செய்திருந்தால், பிரசவ நாளன்று கையெழுத்து மட்டும்தான் மிச்சம் இருக்கும். அதுவரை பேசவே இல்லை என்றால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் இருப்பதே நல்லது. ஆறு வாரம் கழித்தும் செய்துகொள்ளலாம், ஆறு வருடம் கழித்தும் செய்துகொள்ளலாம்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இனிக் குழந்தை வேண்டுமா என்பது ஒரு கேள்வி. வேண்டாம் என்றால் யார், எந்த முறையில், எப்போது என்பது வேறு கேள்வி. நம் வீடுகளில் முதல் கேள்விக்கு “போதும்” என்று பதில் சொன்ன அடுத்த நொடியே இரண்டாவது கேள்விக்கும் பதில் தானாக விழுந்துவிடுகிறது: மனைவி, பிரசவத்தோடு, கருக்குழாய் ஆபரேஷன். நடுவில் யோசிக்க வேண்டியவை எவ்வளவோ இருக்கின்றன.

முதல் கேள்வியைக் கணவனும் மனைவியும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். பெரியவர்களின் கருத்தைக் கேட்கலாம், முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். பேசும்போது சங்கடமான கேள்விகளைத் தவிர்க்காதீர்கள். இருக்கும் குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஆகிவிட்டால், மறுபடி பெற்றுக்கொள்ள விரும்புவோமா? நம் இருவரில் ஒருவர் இல்லாமல் போனால், மற்றவர் மறுமணம் செய்துகொண்டால்? இரண்டும் பெண்ணாக இருக்கிறதே என்று நம்மில் யாருக்காவது மனதுக்குள் ஒரு குறை ஒளிந்திருக்கிறதா? கடைசிக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பது கடினம். கேட்காமல் விட்டால், ஐந்து வருடம் கழித்து ஏதோ ஒரு விசேஷ வீட்டில் வேறு யாராவது கேட்பார்கள்.

பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற கேள்வி அச்சானியமாகத் தோன்றும். ஆனால் 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் உள்ளிட்ட கடலோர ஊர்களில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார்களில் கணிசமானோர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். மறுபடி கருக்குழாயை இணைக்கும் ஆபரேஷனுக்கு அரசே உதவி அறிவிக்க வேண்டி வந்தது. சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. அதற்குப் பயந்து யாரும் ஆபரேஷனைத் தவிர்க்க வேண்டியதில்லை. இந்தக் கேள்வியை ஒருமுறை முகத்துக்கு நேராகப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் போதும் என்று தோன்றினால் அந்தப் போதும் உறுதியானது, அவ்வளவுதான்.

வருத்தம் யாருக்கு அதிகம் வருகிறது என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 30 வயதிலோ அதற்கு முன்போ ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 14 ஆண்டுகளுக்குள் வருத்தப்பட்டவர்கள் சுமார் 20 சதவீதம். 30 வயதைத் தாண்டிச் செய்துகொண்டவர்களில் சுமார் 6 சதவீதம். நம் ஊரில் இருபதுகளின் நடுவிலேயே இரண்டு குழந்தை பெற்று ஆபரேஷனும் முடித்துவிடும் பெண்கள் ஏராளம் என்பதால் இந்த எண் நமக்கு முக்கியம். 25 வயதுக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டால், முதலில் ஐந்து வருடத்துக்கோ பத்து வருடத்துக்கோ காப்பர்-டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

முடிவெடுக்கக் கூடாத நேரங்களும் உண்டு. கணவன் மனைவிக்குள் பெரிய சண்டை நடக்கும்போது, வீட்டில் சாவு விழுந்த சமயத்தில், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் இருக்கும்போது, கடன் கழுத்தை நெரிக்கும்போது. பிறந்த குழந்தை குறைமாதமாகவோ, தீவிர சிகிச்சைப் பிரிவிலோ இருந்தாலும் ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள். குழந்தை மருத்துவர் பார்த்து நலம் என்று சொன்ன பிறகு யோசித்தால் போதும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆபரேஷன் செய்துகொள்பவருக்கு அரசு ஈட்டுத்தொகை தருகிறது. அதைத் தவிர, 1992 முதல் நடக்கும் முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில், ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாயும், இரண்டும் பெண் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாயும் அவர்கள் பெயரில் வைப்புத்தொகையாகப் போடப்படுகிறது. பெற்றோரில் ஒருவர் குறிப்பிட்ட வயதுக்குள் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். அந்த வயது வரம்பு நெருங்குகிறதே என்பதற்காக முடிவை அவசரப்படுத்த வேண்டாம். இன்னொன்றும் கவனியுங்கள்: மனைவிதான் செய்துகொள்ள வேண்டும் என்று அந்த நிபந்தனையில் இல்லை.

நிரந்தரம்தான் வேண்டுமா?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டுகள் வேலை செய்யும்; 375 ஐந்து ஆண்டுகள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். பிரசவம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் அங்கேயே போட்டுக்கொள்ளலாம், சிசேரியனின்போதே வைத்துவிடவும் முடியும். ஆண்டுக்கு நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் தவறும். இது ஆபரேஷனுக்கு ஏறத்தாழ இணை. வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்பது அதன் பலம். 40 வயதைத் தாண்டிப் போட்டுக்கொண்ட காப்பர்-டியை மாதவிடாய் நிற்கும்வரை விட்டுவைக்கலாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சிலருக்கு மாதப்போக்கை அதிகப்படுத்தும் என்பது அதன் குறை. ஏற்கெனவே அதிக ரத்தப்போக்கு உள்ளவர்கள் ஹார்மோன் கலந்த கருப்பை வளையத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். அது போக்கைக் குறைக்கும். கருக்குழாய் ஆபரேஷன் அந்தத் தொல்லைக்கு எதுவும் செய்யாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தாரா ஊசியும், லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த ஹார்மோன் அல்லாத சாயா மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கின்றன. முடிவுக்கு வர அவகாசம் வேண்டும் என்பவர்களுக்கு இவை போதும்.

யார் செய்துகொள்வது?

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் முக்கியமான பகுதி இது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் மணமான, கருவுறும் வயதுப் பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட தம்பதியர் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்கள் பக்கம் இதைவிடக் கூடுதல், பாதிக்கும் மேல். ஆண்கள் பக்கம் சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் ஒரே மாதம் நடந்த முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் வாசக்டமி என்னும் ஆண் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டார்கள். அன்றைக்கு நாடு முழுக்க ஆண்கள்தான் அதிகம். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77-இல் மட்டும் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு, வட மாநிலங்களில் ஆட்களை வளைத்துப் பிடித்து. அந்த ஆட்சி தேர்தலில் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். அதன் பிறகு எந்த அரசுக்கும் ஆண்களிடம் போய் இதைப் பேசும் தைரியம் வரவில்லை. பாரம் முழுவதும் பெண்கள் தலையில் இறங்கியது; இன்னும் அங்கேயே இருக்கிறது.

உடற்கூறு வேறு விதமாகச் சொல்கிறது. கருக்குழாய்கள் வயிற்றுக்குள் ஆழத்தில் இருக்கின்றன. அங்கே போக வயிற்றைத் திறக்க வேண்டும், அல்லது துளையிட்டுக் காற்றை நிரப்பிக் கருவியை இறக்க வேண்டும். மயக்க மருந்து வேண்டும். குடலோ ரத்தக்குழாயோ காயப்படும் வாய்ப்பு மிகச் சிறியது என்றாலும் இருக்கவே செய்கிறது. ஆணின் விந்துக்குழாய் தோலுக்கு அடியிலேயே, விரலால் உருட்டிப் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. அந்த இடம் மரத்துப்போக ஒரு ஊசி போட்டால் போதும். தவறும் வாய்ப்பும் ஆணின் முறையில் குறைவு. வேலை செய்திருக்கிறதா என்று பரிசோதனைச் சாலையில் சோதித்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம். பெண்ணுக்கு அப்படி எளிய சோதனை எதுவும் இல்லை.

பிறகு ஏன் ஆண்கள் ஒதுங்குகிறார்கள்? ஆண்மை போய்விடும் என்ற பயம் முதலில். விரைகள் தயாரிக்கும் ஆண் ஹார்மோன் நேராக ரத்தத்தில் கலக்கிறது; விந்துக்குழாய் வழியாக அது போவதே இல்லை. எனவே குழாயை வெட்டினால் மீசை, குரல், ஆசை, விறைப்பு எதுவும் மாறாது. விந்து வெளியேறுவதும் நிற்காது. அதன் அளவில் உயிரணுக்களின் பங்கு மிகச் சொற்பம். மற்றதெல்லாம் வேறு சுரப்பிகளிலிருந்து வருவது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மூட்டை தூக்குபவர், வயலில் வேலை செய்பவர், லாரி ஓட்டுபவர் எல்லோரும் ஒரு வாரத்தில் பழைய வேலைக்குத் திரும்பலாம்.

இன்னொரு தடை, பேசப்படாதது: கணவருக்குச் செய்துவிட்டு ஒருவேளை மனைவி கருவுற்றால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். இது மனைவியின் பயம், நியாயமான பயமும்கூட. இதற்கு மருந்து மூன்று மாதம் கழித்துச் செய்யும் விந்துப் பரிசோதனை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். வேறு சில வீடுகளில் கணவர் தயாராக இருந்தாலும் அவருடைய அம்மா விடமாட்டார். சம்பாதிக்கிற பிள்ளையின் உடம்பில் கத்தி படக்கூடாதாம். மருமகள் வயிற்றில் ஏற்கெனவே இரண்டு முறை பட்டுவிட்டதே என்று யாரும் கேட்பதில்லை.

மனைவிக்கு எப்படியும் சிசேரியன் நடக்கப்போகிறது என்றால் கணக்குக் கொஞ்சம் மாறும். வயிறு திறந்திருக்கிறது, கூடுதலாகச் சில நிமிடம்தான், தனி மயக்கம் தேவையில்லை. அந்தச் சூழலில் மனைவிக்கே செய்வதில் மருத்துவ நியாயம் உண்டு, அவர் முன்கூட்டியே விரும்பியிருந்தால். சுகப்பிரசவம் என்றாலோ, பிரசவம் முடிந்து காலம் கடந்துவிட்டது என்றாலோ, என் கட்சி கணவர் பக்கம். மனைவிக்கு இதய நோய், கடுமையான ரத்தசோகை, ஏற்கெனவே பல முறை வயிற்றில் ஆபரேஷன் செய்து உள்ளே தசை ஒட்டிக்கொண்ட நிலை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கணவர்தான்.

சட்டமும் படிவமும்

மத்திய அரசின் விதிமுறைப்படி பெண்ணுக்கு வயது 22 முதல் 49 வரை, ஆணுக்கு 60-க்குள் இருக்க வேண்டும். திருமணமானவராக இருக்க வேண்டும். குறைந்தது ஒரு குழந்தையாவது இருந்து, அதற்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் விலக்கு உண்டு. இரண்டு குழந்தை ஆன பிறகுதான் செய்வார்கள் என்று பலர் நினைப்பது தவறு. ஒரே பிள்ளை போதும் என்பவர்களுக்கும் தடை இல்லை.

கணவரின் கையெழுத்துச் சட்டப்படி தேவையில்லை. செய்துகொள்பவரின் சம்மதம் போதும் என்று அந்த விதிமுறையிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் பல மருத்துவமனைகள் பின்னால் வம்பு வேண்டாம் என்று கணவரிடமும் கையெழுத்துக் கேட்கின்றன. துணைக்குத் தெரியாமல், மருத்துவக் காரணமும் இல்லாமல் ஒருவர் கருத்தடை செய்துகொள்வது மணமுறிவு வழக்கில் மனரீதியான கொடுமையாகக் கருதப்படலாம் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அவர்களுக்கு நினைவிருக்கும். வன்முறை நிறைந்த திருமணத்தில் இருக்கும் பெண், கணவருக்குச் சொல்ல முடியாத நிலையில் இருந்தால், அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர்களுக்குக் காப்பர்-டியும் ஊசியும் நல்ல இடைவழி.

சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள். வேறு முறைகள் இருப்பதை அறிவேன், இது நிரந்தரமானது, அரிதாகத் தோல்வியடையலாம், ஆபரேஷனுக்கு முன் எந்த நேரத்திலும் மறுக்க எனக்கு உரிமை உண்டு, மறுத்தால் மற்ற மருத்துவச் சலுகைகள் நிற்காது என்பவை அதில் இருக்கும். கடைசி இரண்டையும் இருமுறை படியுங்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தால்கூட யாரும் கோபிக்க உரிமை இல்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதும், மயக்க ஊசிக்குப் பிறகும் வாங்கும் கையெழுத்து சம்மதமாகாது.

முகாம்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் 2014 நவம்பரில் நடந்த முகாம்களுக்குப் பிறகு 13 பெண்கள் இறந்தார்கள். அதில் ஒரு முகாமில் சில மணி நேரத்துக்குள் ஒரே மருத்துவர் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்திருந்தார். ஒரு குழு நாளொன்றுக்கு 30-க்கு மேல் செய்யக்கூடாது என்பது விதி. 2016-இல் உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டுகளுக்குள் முகாம்களை நிறுத்தச் சொன்னது. இலவசம் என்றாலும் முறையான தியேட்டர் உள்ள மருத்துவமனையில், நிரந்தரமாக அங்கே பணிபுரியும் மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. எங்கே போவது என்று தெரியாதவர்கள் உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்கலாம், அல்லது 104-ஐ அழைக்கலாம்.

பெண்ணுக்கு: எப்போது, எப்படி

பிரசவமான ஏழு நாட்களுக்குள், அல்லது ஆறு வாரம் கழிந்த பிறகு. இடைப்பட்ட காலத்தில் கருப்பை சுருங்கிக்கொண்டிருக்கும்; தொற்று அபாயமும் உண்டு என்பதால் தொடமாட்டார்கள். பிரசவத்தோடு தொடர்பில்லாமல் செய்வதென்றால் மாதவிடாய் தொடங்கிய ஏழு நாட்களுக்குள் செய்வது வழக்கம். வயிற்றில் ஏற்கெனவே கரு உருவாகியிருக்கவில்லை என்பதற்கு அது ஒரு காவல்.

பிரசவத்தை ஒட்டிச் செய்வது மினிலேப் முறை. தொப்புளுக்குக் கீழே சிறிய கீறல், இருபக்கக் குழாயிலும் ஒரு வளைவை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள். ஆறு வாரம் கழித்து என்றால் லேப்ராஸ்கோபியும் செய்யலாம்: வயிற்றில் வாயுவை நிரப்பி, கருவியை விட்டு, குழாயில் சிலிகான் வளையத்தை மாட்டிவிடுவார்கள். லேப்ராஸ்கோபியில் தழும்பு சிறிது, வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம். தோளில் ஓரிரு நாள் வலி இருக்கும். வாயு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையை) உறுத்துவதால் வருவது, பயப்பட வேண்டாம். சில மருத்துவர்கள் இப்போது குழாயை முழுவதுமாகவே எடுத்துவிடுகிறார்கள். சூலகப் புற்றுநோய் பலவும் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்பதால், எடுத்துவிட்டால் அந்த அபாயம் குறையும். ஆனால் மறுபடி இணைக்கும் பேச்சுக்கே பிறகு இடமில்லை. எந்த முறை என்பதை முன்கூட்டிக் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

போகும் முன் ஹீமோகுளோபின், சிறுநீரில் சர்க்கரை, கர்ப்பப் பரிசோதனை பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே என்றால் ஆபரேஷன் கிடையாது. ஆறு மணி நேரத்துக்கு முன்பே திட உணவை நிறுத்திவிட வேண்டும். சாப்பிடும் மாத்திரைகள், ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை எதையும் மறைக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு 48 மணி நேரம் ஓய்வு, அப்புறம் சின்னச் சின்ன வேலைகள், இரண்டு வாரத்தில் வழக்கமான வாழ்க்கை. குடமோ கேஸ் சிலிண்டரோ தூக்குவது அந்த இரண்டு வாரமும் வேறொருவர் வேலை. ஏழாம் நாள் தையல் பார்க்கப் போக வேண்டும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, காயத்தில் சீழ், மயக்கம், வாந்தியோடு வயிறு உப்புதல் இவற்றில் ஒன்று வந்தாலும் ஏழாம் நாள்வரை காத்திருக்கக் கூடாது. செய்த மருத்துவமனைக்கே உடனே போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு பெருத்துவிடும், மாதவிடாய் கெட்டுவிடும் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. அதுவரை கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, அதை நிறுத்தியதும் பழைய அதிகப் போக்கு திரும்பலாம். பழி ஆபரேஷன் மேல் விழும்.

ஆணுக்கு: அன்றைய நாள் எப்படி இருக்கும்

தழும்பில்லா நவீன வாசக்டமி 1974-இல் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் உருவாக்கியது. அந்தப் பகுதியை முன்பே மழித்து, குளித்து, தளர்வான உடையில் போனால் போதும். பட்டினி கிடக்கத் தேவையில்லை. மேசையில் படுத்ததும் சில்லென்ற மருந்தால் துடைப்பார்கள். ஊசி குத்தும்போது ஒரு சுருக்கென்ற வலி. பிறகு மருத்துவர் விரல்களுக்கிடையே குழாயைத் தேடிப் பிடித்து, வளையமுனை இடுக்கியால் தோலோடு சேர்த்து நிறுத்தி, கூர்முனைக் கருவியால் தோலில் ஒரே ஒரு சிறு துளையிடுவார். அந்தத் துளை வழியாகவே ஒரு பக்கக் குழாயை வெளியே எடுத்து, வெட்டிக் கட்டி உள்ளே விட்டு, அதே துளையில் மறுபக்கக் குழாயையும் முடித்துவிடுவார். அடிவயிற்றில் ஏதோ இழுப்பதுபோல் ஒரு கனம் தெரியும். அதுதான் இதில் மோசமான கணம். தையல் கிடையாது. பேசிக்கொண்டே இருக்கும்போது இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். சற்று நேரம் உட்காரவைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு நாள் இறுக்கமான கோவணமோ ஜட்டியோ அணிந்து ஓய்வெடுங்கள். ஒரு வாரம் சைக்கிள், பைக், பாரம் தூக்குவது வேண்டாம். கொஞ்சம் வீக்கமும் நீலம் பாய்ந்த நிறமும் இயல்பு. எலுமிச்சை அளவுக்கு மேல் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். மிகச் சிலருக்கு மாதக்கணக்கில் மந்தமான வலி நீடிப்பதுண்டு. ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். குடலிறக்கம், விரைவீக்கம், கட்டுப்படாத சர்க்கரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஆகியவை இருந்தால் அவற்றை முதலில் கவனித்துவிட்டு வர வேண்டும்.

வாசக்டமி செய்த அன்றிலிருந்தே பலன் தராது. வெட்டிய இடத்துக்கு மேலே ஏற்கெனவே தேங்கிய உயிரணுக்கள் தீர்ந்துபோக மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை ஆணுறை கட்டாயம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, உயிரணு இல்லை என்று அறிக்கை வந்த பிறகுதான் சான்றிதழே தருவார்கள். இன்னும் இருந்தால் மாதம் ஒருமுறை மீண்டும் சோதிப்பார்கள். நம் ஆண்களில் பலர் ஆபரேஷனுக்கு வந்துவிட்டுப் பரிசோதனைக்கு வருவதில்லை. கூச்சமாம். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை வாசக்டமி இருவாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்கு அது தோதான சமயம்.

விடுமுறையும் சம்பளமும்

சட்டப்படி கருக்குழாய் ஆபரேஷன் செய்துகொண்ட பெண் ஊழியருக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை உண்டு; தனியார் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் பெண்ணுக்கு 14 நாளும் ஆணுக்கு 7 நாளும் முழுச் சம்பள அளவில் உதவித்தொகை கிடைக்கும். அரசு ஊழியர்களுக்குத் தனியாகச் சிறப்புத் தற்செயல் விடுப்பு இருக்கிறது. எதற்கும் மருத்துவமனைச் சீட்டை நிறுவனத்தில் கொடுக்கும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப இணைக்க முடியுமா?

முடியும் என்று ஒரே சொல்லில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெண்ணின் வயது, மிச்சமிருக்கும் குழாயின் நீளம், முன்பு செய்த முறை, ஆணுக்கு என்றால் எத்தனை வருடம் ஆயிற்று என்பதையெல்லாம் பொறுத்தது. கருக்குழாயில் வளையம் மாட்டியவர்களுக்கு வாய்ப்பு அதிகம், நீளமாக வெட்டி எடுத்தவர்களுக்குக் குறைவு. குழாய் இணைந்தாலும் கரு தங்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பிற்பாடு இணைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்போடு கையெழுத்துப் போடுகிறவர் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று பொருள்.

அபூர்வமாகத் தவறினால்

கருக்குழாய் ஆபரேஷன் செய்தவர்களில் முதல் ஆண்டில் ஆயிரத்துக்கு சுமார் ஐந்து பேர் கருவுறுகிறார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும் சிறிய வாய்ப்பு தொடர்கிறது. எனவே மாதவிடாய் தள்ளிப்போனால், எனக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே என்று சும்மா இருக்கக் கூடாது. அன்றே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். இப்படி உருவாகும் கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கருப்பைக்கு வெளியே, குழாயிலேயே தங்கிவிடுகிறது. அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஒருபக்க அடிவயிற்று வலி, மயக்கம், லேசான ரத்தக்கசிவு மூன்றும் சேர்ந்தால் இரவு எத்தனை மணி ஆனாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரு கருப்பையில்தான் இருக்கிறது, ஆனால் வேண்டாம் என்றால், கருத்தடை தோல்வி என்ற காரணத்துக்காக 20 வாரம்வரை கருக்கலைப்புக்குச் சட்டம் அனுமதிக்கிறது. வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும்.

இழப்பீட்டுக்கும் வழி உண்டு. அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனையிலோ செய்துகொண்டவர்களுக்கு மத்திய அரசின் குடும்ப நல ஈட்டுறுதித் திட்டம் பொருந்தும். தோல்விக்கு 60,000 ரூபாய். சிக்கல்களுக்கான சிகிச்சைச் செலவு 50,000 ரூபாய் வரை. ஏழு நாட்களுக்குள் மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். நீதிமன்றம் போவதைவிட இது சுலபம். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்பது மட்டுமே மருத்துவரின் அலட்சியத்துக்கு ஆதாரமாகாது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், வழக்கில் அலட்சியத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கும்.

தோல்வி தெரியவந்த 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சம்மதப் படிவத்தின் நகல், டிஸ்சார்ஜ் சீட்டு, கருத்தடைச் சான்றிதழ் மூன்றையும் கேட்பார்கள். பெண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்தோ, அடுத்த மாதவிடாய் வந்த பிறகோ தரும் இந்தச் சான்றிதழை வாங்கப் பலர் திரும்பிப் போவதே இல்லை. பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்துக்கும் அதே காகிதம்தான் வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் உறையிலேயே அதையும் போட்டு வையுங்கள்.